துருப்பிடிக்காத நட்டு

ஊர் என்று இருந்தால் வருகிறவனை வா என்று சொல்ல வேண்டும். இந்த ஊர், சுற்று என்று சொன்னது.

ரயிலடிக்கு வெளியே ஒரு ரவுண்டானா. அதன் நடுவில் இரும்புக் குழாய்க் கம்பம். கம்பத்தில் அம்பு வடிவத்தில் ஒரு பலகை: 'கடற்கரை, தங்கும் விடுதிகள்'. அம்பு இடது பக்கம் காட்டியது. அதை நம்பி இடது பக்கம் நடந்த ரேடியோ, இருபத்தாறாவது நிமிடத்தில் ஒரு தொப்பிக் கடை வாசலில் நின்று மூச்சு வாங்கினான். கடல் இன்னும் கண்ணில் படவில்லை. பட்டதெல்லாம் கடைகள். சங்குக் கடை, அதை ஒட்டி இன்னொரு சங்குக் கடை, கூப்பிடு தூரத்தில் இருக்கிற கடலைப் படமாக எடுத்துச் சட்டம் போட்டு விற்கும் கடை, மூஞ்சியை நுழைத்துப் போட்டோ எடுத்துக்கொள்ள ஓட்டை போட்ட மர மீன். அந்த மீனின் ஓட்டையில் ஒரு குடும்பத் தலைவர் தன் முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். மீனுக்குத்தான் அவமானம்.

"அண்ணி, நாம கடலுக்கு வந்தோமா, கடைக்கு வந்தோமா?"

"நட."

"அந்த பேட்டரி வண்டியிலயாவது ஏறியிருக்கலாம்."

"அதுவும் இதே வழியிலதான் வருது. நம்மளவிட மெதுவா. பாட்டு வேற போட்டுக்கிட்டு."

அண்ணிக்கு ஐம்பது வயது. இன்சூரன்ஸ் கம்பெனியில் இருபது வருடம் பொய்யான விண்ணப்பங்களை வெட்டித் தள்ளியதால் 'கத்திரி' என்று பெயர் வாங்கியவள். வேலையை அவள் விட்டுவிட்டாள். பெயர் அவளை விடவில்லை. இப்போது தனியாகத் துப்பறிகிறாள். ரேடியோ அவள் கணவனின் தம்பி. நிறுத்துவதற்குப் பித்தான் இல்லாதவன் என்பதால் அந்தப் பெயர். வாயால் மூன்று வேலைகளை இழந்தபின், "இவனை நீயே வெச்சுக்க, எங்களால கேட்க முடியல" என்று குடும்பமே சேர்ந்து அவளிடம் ஒப்படைத்தது.

அவன் கையில் ரயிலடியில் இலவசமாகக் கொடுத்த வரைபடம் இருந்தது. அதில் ரயிலடி இருந்தது, கடற்கரை இருந்தது, இரண்டுக்கும் நடுவில் ஊரில் பாதி அகலத்துக்கு ஒரு சிவப்பு நண்டு சிரித்துக்கொண்டிருந்தது.

"நண்டு எதுக்கு அண்ணி சிரிக்குது?"

"நம்மளப் பார்த்துத்தான்."

தெரு ஒரு மேட்டைச் சுற்றி வளைந்து, கடைசியில் வேறு வழியில்லாமல் கடலைக் காட்டியது. கடற்கரைச் சாலையின் கோடியில் இருந்த 'அலை லாட்ஜ்' வாசலை மிதித்தபோது கத்திரி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ரயில் வந்தது பத்து நாற்பது. இப்போ பதினொன்னு பதினைஞ்சு. முப்பத்தஞ்சு நிமிஷம்."

"அப்போ அந்த ஆள் சொன்னது சரி."

"சரிதான். அதுதான் எனக்குப் பிடிக்கல."

விஷயம் இதுதான். இரண்டு நாள் முன்பு, செவ்வாய்க்கிழமை காலை, பதினோரு மணிப் படகு சங்கு ஊதிய அதே நேரத்தில், லாட்ஜின் சொந்தக்காரியான கிழவி மேல்மாடி வராந்தாவிலிருந்து கீழே முற்றத்தில் விழுந்து செத்தாள். வராந்தாக் கைப்பிடி மார்பளவு உயரம். தானாக விழ முடியாது. அப்போது மாடியில் இருந்தவள் அறை கழுவுகிற பெண் ஒருத்திதான். அன்று காலைதான் கிழவி அவளைப் படுக்கை விரிப்பு சரியில்லை என்று ஊர் கேட்கத் திட்டி, "நாளையிலேர்ந்து வராதே" என்றிருந்தாள். போலீசுக்கு அது போதும். வேலைக்காரி, திட்டு வாங்கினாள், தள்ளினாள். இன்று மாலை நாலு மணி ரயிலில் அவளைப் பெரிய ஊர் கோர்ட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். போனால் எப்போது திரும்புவாள் என்று யாராலும் சொல்ல முடியாது.

கத்திரியைக் கூப்பிட்டவள் அந்தப் பெண்ணின் நாத்தனார். ரயிலடியில் சாமான் காப்பறையில் வேலை. நேற்று போனில் பேசும்போது, "எங்க அண்ணி அப்படிச் செய்யறவ இல்லீங்க" என்றாள். ரேடியோ சிரித்தான். போனை வைத்த கத்திரி சிரிக்கவில்லை.

"ஏன்டா, ஒரு நாத்தனார் அண்ணியை நல்லவன்னு சொல்றா. இதுக்கு மேல சாட்சி வேணுமா? பையை எடு, கிளம்பு."

சந்தேகப்பட மிச்சமிருந்த ஒரே ஆள் கிழவியின் மருமகன், அதாவது அண்ணன் மகன். லாட்ஜுக்கு ஒரே வாரிசு. ஆனால் அவன் அன்று பத்து நாற்பது ரயிலில் வந்து இறங்கினான்; டிக்கெட் இருக்கிறது. லாட்ஜுக்குள் நுழைந்தது பதினொன்று பதினேழுக்கு, முன்வாசல் வழியாக, கையில் தோல் பையோடு, வியர்த்து வழிந்துகொண்டு. அதாவது அத்தை விழுந்து பதினேழு நிமிடம் கழித்து.

லாட்ஜ் முன்கூடத்தில் இன்ஸ்பெக்டர் மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இந்த ஊருக்கு மாற்றலாகி நான்கு மாதம். அந்த நான்கு மாதத்தில் ஜீப்பை விட்டு இறங்கி நடந்த தூரம் அந்த நாற்காலிவரைதான் என்று அவர் வயிறு சொன்னது.

"நடந்து பார்த்துட்டீங்களாம்மா? எவ்வளவு ஆச்சு?"

"முப்பத்தஞ்சு."

"நான்தான் போன்லயே சொன்னேனே." நாற்காலி முனகியது. "நாலு மணிக்கு ரயில். அதுவரைக்கும் நீங்க கடற்கரையில காத்து வாங்கலாம்."

மருமகன் ஜன்னல் ஓரமாக நின்றிருந்தான். முப்பத்தைந்து வயது இருக்கும். மடிப்புக் கலையாத சட்டை. துக்கத்தைக்கூட இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டவன் போல இருந்தான்.

"நீங்களும் அந்தக் கடைத்தெரு வழியா மாட்டிக்கிட்டீங்களா?" என்றான் ரேடியோவிடம். "எனக்கும் அதே கதிதான் சார். அப்பாவுக்கும் அத்தைக்கும் இருபது வருஷமா பேச்சுவார்த்தை இல்லை. அப்பா போனப்புறம் அத்தையே வரச் சொல்லி எழுதினாங்க. முதல் தடவையா இந்த ஊர்ல கால் வைக்கிறேன். பலகையை நம்பி நடந்தேன். சுத்து சுத்துன்னு சுத்திட்டு வந்து சேர்ந்தா, அத்தை இல்லை." தொண்டையைச் செருமினான். "கொஞ்சம் சீக்கிரம் வந்திருந்தா காப்பாத்தியிருப்பேன்."

"கடைத்தெருவுல உங்களை யாராவது பார்த்தாங்களா?" என்று கேட்டாள் கத்திரி.

இன்ஸ்பெக்டர் முந்திக்கொண்டார். "அன்னிக்குக் கடைக்கெல்லாம் வார லீவும்மா. செவ்வாய்க்கிழமை ஒரு கடையும் திறக்க மாட்டாங்க. யார் பார்ப்பா?"

"ஆமா," என்றான் மருமகன் வருத்தமாக. "எல்லாம் மூடிக்கிடந்துச்சு."

"பாவம்," என்றாள் கத்திரி. அவள் பாவம் என்று சொன்னால் யாரோ பாவம் என்று ரேடியோவுக்குத் தெரியும். யார் என்றுதான் தெரியவில்லை.

கொல்லைப்புறத்தில் நாத்தனார் காத்திருந்தாள். ரயிலடி நீலச் சீருடை, தோளில் ஒரு சால்வை, முழங்கைவரை மடித்துவிட்ட கை, அழுது முடித்த கண். மேல்மாடி வராந்தாவிலிருந்து ஒரு இரும்புப் படிக்கட்டு சுழன்று சுழன்று கொல்லைக்கு இறங்கியது. அதன் அடியில் ஒரு சின்னக் கதவு.

"இது எங்க போகுது?" என்று கேட்டாள் கத்திரி.

"ஸ்டேஷனுக்குத்தாங்க."

ரேடியோ திடுக்கிட்டான். "எந்த ஸ்டேஷனுக்கு?"

"ஊருக்கு எத்தனை ஸ்டேஷன் இருக்கு? நீங்க வந்து இறங்கினீங்களே, அதுக்குத்தான். ஐஸ் ஃபேக்டரி சந்து. வாங்க."

சந்து குறுகலாக இருந்தது. ஒரு பக்கம் ஐஸ் ஃபேக்டரியின் ஈரச் சுவர், இன்னொரு பக்கம் லாட்ஜுகளின் விரிப்புகள் காயும் வெளுப்பு முற்றம். மீன் வாடை. குறுக்கே ஒரு பூனை. ஐந்து நிமிடம் ஐம்பது விநாடியில் மூவரும் ரவுண்டானாவில் நின்றார்கள்.

ரேடியோ கையிலிருந்த வரைபடத்தை விரித்தான். சந்து இருக்க வேண்டிய இடத்தில் நண்டின் வயிறு இருந்தது.

"அடப்பாவிகளா! வழி மேல நண்டு உட்கார்ந்து மறைச்சிருக்கு. ஏம்மா, இது ஊரா இல்லை பொறியா?"

"கடைக்காரங்க சங்கம் போட்ட படங்க அது. பலகையும் அவங்க வெச்சதுதான்." அதில் வெட்கப்பட எதுவும் இருப்பதாக நாத்தனாருக்குத் தோன்றவில்லை. "வர்றவங்க தெருவைச் சுத்திப் போனாத்தானே எதையாவது வாங்குவாங்க."

"அப்போ அந்த மருமகனும் இந்தச் சந்து வழியா ஆறு நிமிஷத்துல போயிருக்கலாமே! பத்து நாற்பத்தாறுக்குப் போய், அத்தையைத் தள்ளிட்டு, இரும்புப் படியில இறங்கி, கொஞ்ச நேரம் வெயில்ல நின்னு வேர்வையை வரவெச்சுக்கிட்டு..."

"நான் அதைத்தானே இன்ஸ்பெக்டர்கிட்ட சொன்னேன்! 'புது ஆளுக்கு அந்தச் சந்து எப்படித் தெரியும்? அவன் முன்னாடி வந்ததைப் பார்த்த ஒரு ஆளைக் காட்டு'ன்னு கேட்டாரு. நான் எங்க போக? ஒரு நாளைக்கு ஆயிரம் பேர் வந்து போற ஊரு. யார் மூஞ்சி யாருக்கு ஞாபகம் இருக்கும்?"

கத்திரி இவர்கள் பேச்சைக் கேட்டதாகத் தெரியவில்லை. அவள் கம்பத்தடியில் நின்று பலகையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கம்பத்தைச் சுற்றிக்கொண்டு பின்னால் போய் நின்று பார்த்தாள்.

"ரேடியோ, இங்க வா. இந்தப் பக்கமும் எழுதியிருக்கு."

"ரெண்டு பக்கமும் எழுதறது ஒரு குத்தமா?"

"முன்பக்கம் ஸ்டேஷனைப் பார்த்து இருக்கு. ரயிலை விட்டு இறங்கறவன் படிப்பான். பின்பக்கத்தை யார் படிப்பா?"

"ஊருக்குள்ளேர்ந்து ஸ்டேஷனுக்கு வர்றவன்."

"ஊரை விட்டுப் போறவனுக்கு எதுக்குடா கடற்கரைக்கு வழி?"

ரேடியோ வாயைத் திறந்தான். சொல்ல எதுவும் கிடைக்காததால் மூடிக்கொண்டான். அது அபூர்வமான காட்சி.

"அது போகட்டும். சுத்திப் பாரு. என்ன தெரியுது?"

"துரு." கடல் காற்று இந்த ஊரில் ஒன்றையும் விட்டு வைக்கவில்லை. ரயிலடிக் கதவு, விளக்குக் கம்பம், வாடகை சைக்கிளின் மணி, டீக்கடை ஸ்டூலின் கால், எல்லாம் காவி நிறத்தில் செதில் செதிலாக உதிர்ந்துகொண்டிருந்தன. "இங்க ஒரு மாசம் இருந்தா எனக்கே துருப்பிடிச்சிடும்."

"உன் வாய்க்குப் பிடிக்காது. அசைஞ்சுக்கிட்டே இருக்கறதுக்குத் துருப்பிடிக்காது." அவள் விரல் மேலே நீண்டது. பலகையைக் கம்பத்தோடு பிடித்திருந்த நட்டு, கையாலேயே திருகக்கூடிய, இரண்டு காது வைத்த நட்டு, புது மோதிரம் போலப் பளபளத்தது. அதைச் சுற்றி ஒரு விரற்கடை அளவுக்குக் கிரீஸ்.

ரேடியோ அதைப் பார்த்தான். "ஊர்லயே ஒரே ஒரு நட்டுதான் ஒழுங்கா இருக்கு. மத்ததெல்லாம் கழண்ட கேஸு."

கத்திரி நாத்தனார் பக்கம் திரும்பினாள். "இந்தப் பலகையை நீ தினமும் பார்க்கறியா?"

"பொறந்து வளர்ந்த ஊர்ல யாருங்க பலகையைப் பார்ப்பாங்க?"

அந்தப் பதிலைக் கத்திரி இனிப்பு மாதிரி வாயில் போட்டு ஒருமுறை சுவைத்ததாக ரேடியோவுக்குப் பட்டது. "சரியாச் சொன்னே," என்றாள். "ரேடியோ, உனக்கு ஒரு வேலை. கடற்கரைச் சாலையில இருக்கிற மத்த லாட்ஜுகளுக்குப் போ. செவ்வாய்க்கிழமை அதே பத்து நாற்பது ரயில்ல வந்தவங்க எத்தனை மணிக்கு வந்து சேர்ந்தாங்கன்னு கேட்டுட்டு வா."

"இது ஒரு வேலையா? முப்பத்தஞ்சு நிமிஷம். நாமதான் நடந்தோமே!"

"கேட்டுட்டு வா."

"நீங்க?"

"கடைக்காரங்க சங்கத்துக்கு ஒரு வாட்ச்மேன் இருப்பான். அவன் கையைப் பார்க்கணும். கிரீஸ் லேசுல போகாது."

ரேடியோ திரும்பி வந்தபோது மூன்று மணி. முகம் கடுப்பில் வீங்கியிருந்தது. கத்திரி டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"எல்லாம் வேஸ்ட் அண்ணி. இந்த ஊர்ல ஒரு கடிகாரமும் உருப்படியில்லை. முதல் லாட்ஜுல பத்து ஐம்பதுன்னு எழுதியிருக்கான். அடுத்ததுல பத்து நாற்பத்தொன்பது. மூணாவதுல ஒரு புது ஜோடி வந்து இறங்கியிருக்கு, அதுவும் பத்து ஐம்பது. எப்படிங்க, பறந்து வந்தாங்களான்னு கேட்டா, நடந்துதான் வந்தோம்னு சொல்றாங்க. அந்த ஜோடியை நேர்லயே பார்த்தேன். வந்து இறங்கினதுலேர்ந்து எடுத்த போட்டோ எல்லாத்தையும் என்னை உட்காரவெச்சுக் காட்டினாங்க. நூத்து நாற்பது போட்டோ! எதை எடுத்தாலும் அவங்க ரெண்டு மூஞ்சி. ஈரச் சுவர்கிட்ட நின்னு பல்லைக் காட்டறாங்க, பூனையைப் பிடிச்சுக்கிட்டுப் பல்லைக் காட்டறாங்க. கல்யாணம் ஆனா புத்தி வரும்னு யார் சொன்னா?"

கத்திரி எழுந்தாள். இன்று முதல் தடவையாக அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ தெரிந்தது.

"ஈரச் சுவர், பூனை. நல்லா ஞாபகம் இருக்கா?"

"செத்தாலும் மறக்காது."

"வா."

லாட்ஜ் முன்கூடத்தில் கூட்டம் சேர்ந்திருந்தது. வாசலில் ஜீப். அதன் பின்சீட்டில் அறை கழுவுகிற பெண் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாத்தனார் ஜீப்பின் கதவைப் பிடித்தபடி நின்றாள். விட்டால் வண்டி போய்விடும் என்பது போல. உள்ளே இன்ஸ்பெக்டர், மருமகன், கூப்பிடாமலே வந்துவிட்ட கடைக்காரர் சங்கத் தலைவர். அவர் கோபமாக இருந்தார்.

"எங்க வாட்ச்மேனை எதுக்கும்மா நீங்க விசாரிக்கணும்? எங்க பலகை எங்க சொந்த விஷயம்."

"ஒரு நிமிஷம்," என்றாள் கத்திரி. மருமகனைப் பார்த்துத் தலையசைத்தாள். "தம்பி, ரயில் வர இன்னும் முப்பது நிமிஷம் இருக்கு. உங்க வாக்குமூலத்துல ஒரு வரி மட்டும் விட்டுப்போச்சு. அதைச் சேர்த்துட்டா நான் போயிடுவேன். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தீங்க. அப்புறம்?"

மருமகன் பொறுமையாகச் சிரித்தான். "பலகையைப் பார்த்தேன்."

"நல்லாப் பார்த்தீங்களா? அவசரத்துல கவனிக்காம..."

"புது ஊருங்க. பலகையை விட்டா எனக்கு வேற என்ன கதி?"

"எந்தப் பக்கம் காட்டுச்சு?"

"இடது பக்கம்."

"நிச்சயமா?"

"இன்னும் கண்ணு முன்னாடி நிக்குது மேடம். பெரிய அம்பு, 'கடற்கரை, தங்கும் விடுதிகள்'. இடது பக்கம்."

"எழுதிக்கிட்டீங்களா இன்ஸ்பெக்டர்? அவர்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கிடுங்க."

மருமகன் கையெழுத்துப் போட்டான். அழகான கையெழுத்து. கடைசி எழுத்துக்குக் கீழே ஒரு கோடுகூட இழுத்தான்.

கத்திரி வாசலைப் பார்த்துக் கை காட்டினாள். சங்கத்து வாட்ச்மேன் உள்ளே வந்தான். அறுபது வயது, காக்கி அரைக்கால் சட்டை, நகக்கண்களில் கறுப்புக் கிரீஸ். தலைவரைப் பார்த்ததும் பாதி மனிதனாகச் சுருங்கினான்.

"பயப்படாதே. என்கிட்ட மத்தியானம் சொன்னதைச் சொல்லு. செவ்வாய்க்கிழமை காலையில முதல் வேலையா என்ன செய்வே?"

"பலகையைத் திருப்புவேங்க."

"வாயை மூடுடா!" என்றார் தலைவர்.

"எந்தப் பக்கம்?" என்றாள் கத்திரி.

"வலது பக்கம். ஐஸ் ஃபேக்டரி சந்துக்கு. சாயங்காலம் மறுபடி இடது பக்கம் திருப்பிடுவேன். அதுக்குத்தான் ரெண்டு பக்கமும் எழுதியிருக்கு. வாராவாரம் அப்படித்தான். ஒரு வாரம்கூட விட்டதில்லைங்க. கிரீஸ் போட்டு வெச்சிருக்கேன்."

மின்விசிறி மட்டும் தன் போக்கில் கடகடத்தது.

"எதுக்காக?" என்றார் இன்ஸ்பெக்டர். நாற்காலியிலிருந்து முதல் முறையாக எழுந்துவிட்டிருந்தார்.

வாட்ச்மேன் தலைவரைப் பார்த்தான். தலைவர் சுவரைப் பார்த்தார். கத்திரியே சொன்னாள்.

"கடை திறந்திருந்தா வர்றவன் விருந்தாளி. கடை மூடியிருந்தா அவன் வெறும் கூட்டம். மூடின கடைப்படியில உட்கார்ந்து தின்னுட்டு, குப்பையைப் போட்டுட்டு, சுவர் ஓரமா ஒதுங்கிட்டுப் போவான். எதையும் வாங்க மாட்டான். அவனை எதுக்குத் தெருவுக்குள்ள விடணும்? அதனால லீவு நாள்ல மட்டும் உள்ளபடியே நேர் வழியைக் காட்டிடுவாங்க. வாரத்துல ஆறு நாள் பொய் சொல்ற ஊர், ஏழாவது நாள் உண்மை பேசும். நல்லெண்ணத்துல இல்லை, படி அழுக்காகக் கூடாதேன்னு."

ரேடியோவுக்கு அப்போதுதான் உறைத்தது. பத்து ஐம்பது. அந்தக் கடிகாரங்கள் எல்லாம் சரியாகத்தான் ஓடியிருக்கின்றன.

கத்திரி மருமகனைப் பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை. "செவ்வாய்க்கிழமை பத்து நாற்பதுக்கு அந்தப் பலகை வலது பக்கம் காட்டிக்கிட்டிருந்துச்சு. அன்னிக்கு இடது பக்கம் காட்டின பலகையை நீங்க எந்த ஊர்ல பார்த்தீங்க தம்பி?"

மருமகனின் உதடு அசைந்தது. சத்தம் அரை விநாடி தாமதமாக வந்தது. "நான்... சரியா ஞாபகம் இல்லை. கூட்டத்தோட போயிருப்பேன்."

"கூட்டம் எல்லாம் அன்னிக்குச் சந்து வழியாத்தான் போச்சு. பத்து ஐம்பதுக்கு எல்லாரும் லாட்ஜுல இருந்தாங்க. ரேடியோ கேட்டுட்டு வந்திருக்கான்." அவள் ஓரடி முன்னால் வந்தாள். "நீங்க இதுக்கு முன்னாடியே ஒரு தடவை வந்திருக்கீங்க. கடை திறந்திருந்த நாள்ல. உங்களுக்கும் பலகை இடது பக்கம்தான் காட்டுச்சு. முப்பத்தஞ்சு நிமிஷம் சுத்தினீங்க. இரும்புப் படியையும் சந்தையும் அன்னிக்கே கண்டுபிடிச்சீங்க. ஊரோட பொய்யை வெச்சே ஒரு சாட்சி தயார் பண்ணலாம்னு தோணுச்சு. நல்ல யோசனை. அதுக்குக் கடை மூடற நாளாப் பார்த்துத் தேர்ந்தெடுத்தீங்க, 'நீ இந்தத் தெருவுல வரவே இல்லையே'ன்னு சொல்ல ஒரு கடைக்காரனும் இருக்கக் கூடாதுன்னு. அது இன்னும் நல்ல யோசனை. அதுலதான் விழுந்தீங்க."

"இதெல்லாம் ஊகம்."

"அன்னிக்கு ரயிலை விட்டு இறங்கினதும் நேரா சந்துக்குள்ள போனீங்க. பலகையை ஏறெடுத்தும் பார்க்கல. வழி தெரிஞ்சவன் எதுக்குப் பலகையைப் பார்க்கணும்? நிஜமாவே புது ஆளா இருந்திருந்தா பார்த்திருப்பீங்க. பார்த்திருந்தா, இப்படி ஒரு பொய்யைச் சொல்லியே இருக்க மாட்டீங்க."

"ஊகம்," என்றான் மறுபடி. சட்டையில் முதல் மடிப்பு விழுந்திருந்தது.

"அப்படியா? ரேடியோ, அந்தப் புது ஜோடி சந்துல எத்தனை போட்டோ எடுத்திருக்காங்க?"

"இருபது இருக்கும் அண்ணி. சுவரு, பூனை, எல்லாம் இருக்கு."

"பின்னால போறவங்க வர்றவங்க எல்லாரும் விழுந்திருப்பாங்க இல்லையா? தோல் பை, முதுகு..."

மருமகன் உட்கார்ந்தான். அங்கே நாற்காலி இருக்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை. இருந்தது, அதிர்ஷ்டம். "லாட்ஜை ஊருக்கு எழுதி வெச்சுடப் போறேன்னு கடுதாசி போட்டா," என்றான் தரையைப் பார்த்து. "வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போன்னு எழுதினா. என்னையே கூப்பிட்டு, என்கிட்டயே கேட்கறா. இந்த ஊருக்கு! இந்தத் திருட்டு ஊருக்கு!"

ஊரைப் பற்றி அவன் சொன்னதில் ரேடியோவுக்கு ஆட்சேபணை இல்லை. சொன்ன ஆள்தான் சரியில்லை.

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்து மாட்டினார். ஆரம்பத்திலிருந்தே தனக்குச் சந்தேகம் இருந்ததாக யாரிடமோ சொல்லிக்கொண்டே ஜீப்பை நோக்கிப் போனார். பின்சீட்டில் ஆள் மாறியது. சங்கத் தலைவர் மட்டும் நகரவில்லை. ஒரு கிழவி செத்ததோ, ஒரு பெண் தப்பியதோ அவரைத் தொட்டதாகத் தெரியவில்லை.

"பலகை விஷயம் பேப்பர்ல வருமா?" என்று கேட்டார் கத்திரியிடம்.

அவள் கொல்லைப்புறச் சந்துப் பக்கம் நடந்தாள்.

சந்து வழியாக நான்கு பேரும் ரயிலடிக்குப் போனார்கள். ஐஸ் ஃபேக்டரிச் சுவர் தாண்டியதும் அறை கழுவுகிற பெண் நாத்தனாரை மேலும் கீழும் பார்த்தாள். சீருடைக்கு மேல், தோளில் அந்தச் சால்வை கிடந்தது.

"என் சால்வைதானே அது? நான் உள்ளே போன ரெண்டு நாள்ல பெட்டியைத் திறந்துட்டியா?"

"திறக்காம? நீ வருவியோ மாட்டியோன்னு யாருக்குத் தெரியும்?" என்றாள் நாத்தனார். உடனே அழ ஆரம்பித்தாள். அவள் அண்ணி சால்வையைப் பிடுங்கி அதாலேயே அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள், கொஞ்சம் அழுத்தமாகவே.

ரேடியோ பின்தங்கி, கத்திரியின் காதோரம் கேட்டான். "அண்ணி, நிஜமா அந்தப் போட்டோவுல அவன் இருக்கானா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நீதானே பார்த்தே."

"நான் பார்த்ததெல்லாம் அந்த ரெண்டு மூஞ்சிதான்."

"அப்போ இன்ஸ்பெக்டரைப் பார்க்கச் சொல்லு. அவருக்கும் ஒரு தண்டனை வேணாமா?"

ரவுண்டானாவில் தீப்பொறி பறந்தது. வாட்ச்மேன் ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்க, மேலே ஒருவன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பலகையைக் கம்பத்தோடு வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தான். அம்பு இடது பக்கம். பளபளத்த நட்டு உருகி ஒரு கட்டியாகியிருந்தது.

"என்னய்யா இது?" என்றான் ரேடியோ.

வாட்ச்மேன் தலையைச் சொறிந்தான். "தலைவர் போன் பண்ணிச் சொல்லிட்டாருங்க. இனிமே திருப்பறதில்லையாம். லீவு நாளானாலும் இதே பக்கம்தான். ஒரு நாள் உள்ளதைச் சொல்லப் போய்த்தானே இவ்வளவு வம்புன்னு கோபமா இருக்காரு."

நாலு மணி ரயில் வந்து நின்றது. ஒரு குடும்பம் இறங்கி வெளியே வந்தது: அப்பா, அம்மா, இரண்டு பெட்டி, ஒரு காற்றடைத்த வாத்து. அப்பா கையில் வரைபடம். நண்டு சிரித்துக்கொண்டிருந்தது.

ரேடியோவால் பொறுக்க முடியவில்லை. "சார்! இடது பக்கம் போகாதீங்க. அந்தச் சந்துல போங்க. ஆறே நிமிஷம்."

அந்த மனிதர் சந்தைப் பார்த்தார். ஈரச் சுவர், மீன் வாடை, பூனை. அப்புறம் ரேடியோவைத் தலைமுதல் கால்வரை பார்த்தார். பெட்டியைக் கை மாற்றி, அவனுக்கு எட்டாத பக்கமாகப் பிடித்துக்கொண்டார்.

"வா, வா," என்றார் மனைவியிடம், அவன் காதில் விழும்படியாகவே. "இந்த மாதிரி இடத்துல ஏமாத்தறவங்க நிறைய இருப்பாங்க. நாம பலகையைப் பார்த்துப் போவோம்."

வாத்து கடைசியாக இடது பக்கம் திரும்பி மறைந்தது. ரேடியோ வாயை மூடினான். பெரிய ஊர் வரும்வரை அதைத் திறக்கவில்லை.